விறகை மிச்சம் பிடித்த தார்

எங்கள் றவூப் மாமாவுக்குப் புருவம் இல்லை. தார் காய்ச்சுகிறவன் முகத்தில் அது நிற்காது என்பார். அவர் என் உம்மாவின் தம்பி. பதினாறு வயதில் ஒரு வீதி ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார், இன்னும் அதே அடுப்படிதான். வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் குந்தியிருந்து கைகளை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ப்பார். பிறகு சவர்க்காரம். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. கலியாண வீட்டில் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்காரும்போது யாராவது, "றவூப், சோத்துல றோட்டுப் போட்டுராத" என்பார்கள். மாமா சிரித்துக்கொண்டே பெரிய இறைச்சித் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடலுக்குப் பக்கத்தில். வாப்பா கச்சிமுகம்மதுவிடம் கரைவலைக்குப் போகும் மரத்தோணி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கடல் அமைதியாகும் காலத்தில், தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சை அடைத்து, மேலே தார் ஊற்றுவார்கள். அந்தத் தாரைக் கொண்டுவருவது மாமா. வேலைத்தளத்தில் அடியில் மிஞ்சுவதைக் கேட்டு, வாளியில் எடுத்து வருவார். பதிலுக்கு முதல் வலைவீச்சில் படும் பாரைமீன் அவருக்கு.

இந்த வருடம் வேலைத்தளத்துக்குப் புதுப் பீப்பாக்கள் வந்திருந்தன. வேறு நாட்டிலிருந்து வந்தவை. ஆனால் பீப்பாவில் அடித்திருந்த தர இலக்கம் பழையதுதான்: 60/70. மாமாவுக்கு அந்தத் தாரை மிகவும் பிடித்துப்போனது.

"மச்சான், பாதி விறகுல உருகித்து. தண்ணி மாதிரி ஓடுது பாருங்க. இடுக்குக்குள்ள நல்லா இறங்கும்" என்று தோணியருகில் நின்று சொன்னார்.

"தார் தார்தானே. ஊத்துடா, வெயில் ஏறுது" என்றார் வாப்பா.

அடுத்த கிழமை, விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தோணி இறங்கியது. நான் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வந்து கடற்கரையில் நின்றேன். பாதி வலையை இறக்கியிருப்பார்கள், தோணியின் முன்பக்கம் தாழ்வது தெரிந்தது. அலைதான் மறைக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஆட்கள் குதித்தார்கள். வாப்பா மட்டும் குதிக்கவில்லை. அவருடைய கால் வலைக்கயிற்றில் சிக்கியிருந்தது. கயிற்றை வெட்டி இழுத்து வந்தவர்கள் அவரை மணலில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். பாண் என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

வாப்பா பிழைத்தார். கணுக்கால் எலும்பு உடைந்திருந்தது. அன்று பின்னேரமே கடற்கரையில் பேச்சுக் கிளம்பிவிட்டது: றவூப் நல்ல தாரை விற்றுவிட்டு, மிச்சத்தில் கழிவு எஞ்சின் ஒயில் கலந்து மச்சானுக்குக் கொடுத்தானாம்.

மாமா ஓடி வந்தபோது வாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

"என்னத்தடா கலந்த?"

"வல்லாஹி மச்சான், ஒரு சொட்டும் கலக்கல்ல."

"அப்ப தண்ணி எப்படி வந்த? என்ட புள்ளையள் வாப்பா இல்லாம எத்தீமாப் போகப் பாத்திச்சே. போ, இந்த வாசல்ல நிக்காத."

மாமா போனார். உம்மா அழுதுகொண்டு நின்றார். யார் பக்கம் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கரைக்கு இழுத்துப் போட்டிருந்த தோணியை மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். இடுக்கு ஓரத்தில் நகத்தால் தூக்கினேன். தார் ஒரு பட்டையாகக் கழன்று வந்தது. அதன் அடியில் ஒரு மரத்தூள்கூட ஒட்டியிருக்கவில்லை. அந்தத் துண்டை மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"புள்ள, இதே தாரத்தானே சவளக்கடைப் பக்கம் வயல் றோட்டுலயும் ஊத்தின!"

அந்த வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் காரைதீவைச் சேர்ந்த கஜனி. மாமா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே அவரிடம் போனார். கஜனி முதலில் நம்பவில்லை.

"றவூப் நானா, நம்பர் சரியாத்தானே கிடக்கு? போட்டு மூண்டு கிழமையும் ஆகல்ல."

"வந்து பாருங்க மிஸ். பாத்துத்து ஏசுங்க."

முந்திய இரவு மழை பெய்திருந்தது. உழவு இயந்திரங்கள் திரும்பும் வளைவில் கஜனி சப்பாத்து நுனியால் வீதியைத் தட்டினார். கற்கள் உதிர்ந்து வந்தன. கழுவிக் காயவைத்தவை போல வெள்ளையாக இருந்தன. பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளில் திரும்பும் வளைவு அது.

பிறகு வேலைத்தளத்துக்குப் போய்க் கஜனி இரண்டு ஜாம் போத்தல்களைத் தேடி எடுத்தார். புதுப் பீப்பாத் தாரில் பிரட்டிய கற்களை ஒன்றிலும், மூலையில் கிடந்த பழைய பீப்பாத் தாரில் பிரட்டியவற்றை மற்றதிலும் போட்டுத் தண்ணீர் நிரப்பினார். மறுநாள் பார்த்தபோது பழைய தாரின் கற்கள் கறுப்பாகவே கிடந்தன. புதுத் தார் கற்களிலிருந்து சுருண்டு விலகியிருந்தது.

கஜனி சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன். பூமிக்கடியிலிருந்து எடுக்கும் மசகெண்ணெயிலிருந்து பெற்றோல், டீசல் எல்லாம் பிரித்த பின் அடியில் மிஞ்சுவதுதான் தார். எண்ணெய் எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணின் குணம் அதில் தங்கிவிடும். சில நாட்டு எண்ணெயில் மெழுகு அதிகம். அந்த மெழுகு தாரிலும் இருந்தால் சூட்டில் சட்டென்று உருகித் தண்ணீராக ஓடும். குளிர்ந்ததும் மெழுகுதிரி போல் இறுகி வெடிக்கும், ஈரத்தில் பிடிப்பை விடும். சுத்திகரிக்கும் ஆலை எதை எடுத்தது, எதை விட்டது என்பதாலும் குணம் மாறும். பீப்பாவில் உள்ள இலக்கமோ, ஒரே ஒரு சூட்டில் ஒரு ஊசி தாருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டுமே சொல்லும்.

"அப்ப நான் நல்லதெண்டு சொன்ன எல்லாம் கெட்டதுதான்" என்றார் மாமா. "விறகு மிச்சமெண்டு சந்தோசப்பட்டனே, மிஸ்."

"நானும் நம்பரப் பாத்துத்துத்தானே கையெழுத்து வெச்சன்" என்றார் கஜனி. உடனே தொலைபேசியில் பேசி வேலையை நிறுத்தினார். அந்த வளைவுக்குக் குறுக்கே பீப்பாக்களை உருட்டி வைத்தார்கள்.

மாமா இரண்டு போத்தல்களோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

நான் சொல்லச் சொல்ல வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மூடியைத் திறந்து கல்லொன்றை எடுத்து விரலால் தேய்த்தார். கறுப்பு முழுதும் தோலாக உரிந்து விரலோடு வந்தது.

"யா அல்லாஹ், இத நம்பித்தானா கடலுக்குப் போன நாங்க?"

பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"றவூப்! பழைய பீப்பாவில மிச்சம் கிடக்காடா?"

"கிடக்கு மச்சான். ஆனா இனி நான் சொல்றத நம்பாதீங்க. போத்தல்ல போட்டுப் பாத்துத்துத்தான் ஊத்திற."

"உன்ன ஆரு நம்பின? போத்தலத்தான் நம்பப் போறன். வந்து சோத்தத் தின்னு."

மாமா கிணற்றடிக்குப் போய்க் குந்தினார். உம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.