மகளுக்கு அனுப்பிய விமர்சனம்

எங்கள் ஆல்டரேஷன் கடையில் மாஸ்டர் தைப்பார், நான் காஜா எடுத்துப் பட்டன் கட்டுவேன். பேண்ட் நீளம் குறைப்பதைவிட மாஸ்டருக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தை, திங்கட்கிழமை காலை மெஷினுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்பே கிழி கிழி என்று கிழித்து மகளுக்கு எழுதி அனுப்புவது.

மனைவி போன பிறகு அவருக்கு இருப்பது அந்த ஒரே மகள்தான். அவளும் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். ஒரே படத்தை அவர் இங்கே பார்ப்பது, அவள் அங்கே பார்ப்பது என்று இருவருக்கும் ஓர் ஏற்பாடு.

அனுப்புவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டுவார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்.

பேய்ப்படத்துக்கு: "நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்த பேயாம். கவுன் ஓரத்துல இந்தக் காலத்து ஓவர்லாக் மெஷின் தையல் பளிச்சுன்னு தெரியுது. நான் எங்க பயப்படறது?"

போலீஸ் படத்துக்கு: "ஹீரோ ஒரு கூட்டத்தையே அடிக்கறார், சட்டையில அக்குள் தையல் விடல. விருதை அந்த டெய்லருக்குக் குடுங்க."

காதல் படத்துக்கு: "ரெண்டு பேரும் மழையிலயே நிக்கறாங்க. ஒரு குடை வாங்கியிருந்தா இடைவேளைக்குள்ள படம் முடிஞ்சிருக்கும்."

விண்வெளிப் படத்தை மட்டும் அவர் கிண்டல் செய்யவில்லை. "தனியா மாட்டிக்கிட்டவன் தனக்குத்தானே பேசிக்கறான். அது நல்லா இருந்துச்சு" என்று மட்டும் எழுதினார்.

மகளிடமிருந்து "ஆமாப்பா, கரெக்ட்" என்று பதில் வரும். சில நாள் "சூப்பர்பா." அதற்கே மனுஷனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஒரு நாள் சொல்லிவிட்டேன். "அண்ணே, அவ படமே பாக்கறதில்லண்ணே. சும்மா தலையாட்டறா."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. பிறகு கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "சோதிச்சுடலாம் தங்கச்சி" என்றார். இல்லாத ஒரு படத்துக்கு ஏதோ ஒரு பெயர் வைத்து எழுத ஆரம்பித்தார்.

"வயசான டெய்லர் ஒருத்தர். வீட்டுல ரெண்டு நாற்காலி. ஒண்ணுல அவர் உக்காந்து டிவி பாக்கறார். இன்னொண்ணுல மடிக்காத துணி கிடக்கு. அவ்வளவுதான் கதை. ஒரே இழுவை."

மறுநாள் பதில் வந்தது: "பாத்தேன்பா. க்ளைமாக்ஸ்ல அழுதுட்டேன்."

நான் சொன்னதுதான் சரி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் என் நாக்கை வெட்டிப் போடலாம் போல இருந்தது. ஜெயித்து என்ன சாதித்தேன்?

"வேலைக்கும் போயிட்டு வீட்டையும் பாக்கறா. படம் பாக்க அவளுக்கு எங்க நேரம்? அப்பன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்று மகளுக்காக என்னிடம் வக்காலத்து வாங்கினார். பாதி தைத்த பேண்டை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"ஆனா க்ளைமாக்ஸ்னு நான் ஒண்ணுமே எழுதலியே?"

அவரால் பொறுக்க முடியவில்லை. "எந்த இடத்துல அழுத?" என்று கேட்டு அனுப்பினார். இருவரும் வேலையை விட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதில் வந்தது. என்னிடம் நீட்டினார். "பொண்ணு திரும்பி வந்து, துணியெல்லாம் மடிச்சு வெச்சிட்டு, அந்த நாற்காலியில உக்காருமேப்பா. அங்கதான்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

"அந்த இடம் வர்றதுக்குள்ள நான் தூங்கிட்டேம்மா."