நூறு ஸ்தோத்திரம்

"ஸ்தோத்திரம் முப்பத்தேழு... ஸ்தோத்திரம் முப்பத்தெட்டு..."

உள்ளறையிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "ஏங்க, இது ஆஸ்பத்திரிதானே? நான் சளி டெஸ்டுக்கு வந்தேன். உள்ள என்ன ஜெபக்கூட்டமா?"

டெஸ்டுதான் நடக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கையிலிருந்த சீட்டை இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார்.

என் பக்கத்து வீட்டு அக்கா அந்தக் காசநோய்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கிருமி நீலத் தரையில் சிவப்புக் குச்சியாகத் தெரியுமாம். ஆனால் லென்ஸுக்குக் கீழே ஒரு நேரத்தில் ஒரு சின்ன வட்டம்தான் அகப்படும். கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் அப்படி நூறு வட்டம் பார்த்தாக வேண்டும். நாற்பது வட்டத்தில் கண் வலித்து, நூறு பார்த்ததாக எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அக்காவுக்கு அது ஆகாது. எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று வட்டத்துக்கு ஒரு ஸ்தோத்திரம். "ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் ஸ்தோத்திரம் ஆகுது. அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்க. வேற எந்த வேலையில இது நடக்கும்?" என்று சிரிப்பார். காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் ஸ்தோத்திர அக்காதான்.

ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பழைய மைக்ராஸ்கோப்பில் தொழில் பழகியவர். இடது கண் தானாக மூடிக்கொள்ளும், வலது கண் அகலத் திறந்திருக்கும். அந்தப் பழக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சபையில் எல்லோரும் இரண்டு கண்ணையும் மூடி ஜெபிக்கும்போது, அக்காவுக்கு ஒரு கண்தான் மூடும். முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள், அந்த ஆன்ட்டி கண்ணடிக்கிறாங்க என்று அம்மாவிடம் போய்ச் சொல்வார்கள்.

பெரிய டாக்டருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "உங்க ஆண்டவர்தானே அக்கா இந்தக் கிருமியையும் படைச்சாரு? அவரைப் போய்ப் பாராட்டிட்டிருக்கீங்களே!" என்பார்.

"எலியையும் அவருதான் படைச்சாரு. அதுக்காக அரிசி மூட்டையைத் திறந்தா வச்சிருக்கோம்? கையெழுத்தைப் போடுங்க டாக்டர், ஆளு காத்துட்டிருக்காங்க."

சபையிலும் சீண்டுவார்கள். "என்ன சிஸ்டர், உங்க லென்ஸுல கர்த்தர் தெரியுறாரா?"

"அவரு என்ன கிருமியா, லென்ஸ் வச்சுத் தேட?"

இப்படி இரண்டு பக்கத்துக் கிண்டலையும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டவர்தான். அந்தச் சிரிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செத்தது.

அக்காவுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டு, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, கல்யாணம் பண்ணிவைத்தது வரை எல்லாம் அக்கா கைதான். போன வருஷம் அவனுக்கு மகள் பிறந்த சமயத்தில் இருமல் ஆரம்பித்தது. சட்டை தோளில் தொங்கியது. அவனுடைய சளியை அக்காதான் பார்த்தார். சிவப்புக் குச்சிகள் கொத்துக் கொத்தாக இருந்தனவாம். ஆறு மாதம் மாத்திரை என்று டாக்டர் எழுதினார். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டான். மறுபடி பரிசோதனை. அக்கா நூறு வட்டம் பார்த்தார். மனசு கேட்காமல் இன்னும் நூறு பார்த்தார். ஒன்றுமில்லை! 'கிருமி காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைக்கு என் வீட்டு வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சபை மேடையில் ஏறிச் சாட்சி சொன்னான். கன்னத்தில் சதை போட்டிருந்தது. கர்த்தர் தன்னைத் தொட்டுக் குணமாக்கிவிட்டார் என்றான். ஆஸ்பத்திரியே ஒப்புக்கொண்டது என்று அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். பிறகு சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து, எல்லோரும் பார்க்கக் காணிக்கைத் தட்டில் வைத்தான்.

இனி மாத்திரை வேண்டாம் என்று போதகர் ஜெபிக்க, சபை கண்ணை மூடியிருந்தது. அக்காவின் மூடாத வலது கண்ணில் அந்தக் காகிதம் பட்டது. அவருடைய கையெழுத்தேதான், தலைக்கு மேலே கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது! இடி விழுந்தவராக நின்றுவிட்டார். சுற்றிலும் முந்நூறு தொண்டை ஒன்றாக "ஆமென்" என்றது.

"என் வாயும் சொல்லிடுச்சுங்க" என்று என்னிடம் சொன்னபோது அக்கா புறங்கையால் தன் வாயில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷப் பழக்கம். எல்லாரும் சொன்னா நாக்கு தானா சொல்லிடுது. வெளிய வந்தப்புறம்தான் எதுக்கு ஆமென் போட்டேன்னே புரிஞ்சது."

சபை வாசலில் தம்பியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். "டேய், நான் பார்த்தது உன் சளியைத்தான்டா. நெஞ்சுக்குள்ள இன்னும் பதுங்கிட்டிருக்கும். நாலு மாச மாத்திரை பாக்கி இருக்கு."

"நீதானக்கா இல்லேன்னு எழுதிக் குடுத்த? இப்ப உள்ள நீயே ஆமென் சொன்னியே!"

"லிஃப்ட் ஓடுதுன்னு பாதி போல்ட்டை முறுக்காம விட்டுட்டு வருவியாடா நீ?"

"லிஃப்டைச் செஞ்சது மனுஷன்க்கா. என்னைச் செஞ்சவரு வேற."

அதோடு அவன் அக்காவைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் போனால் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னான். போதகர் தம்முடைய வேனில் அவனை ஊர் ஊராகக் கூட்டிப்போனார். இரண்டரை மாதத்தில் பதினொரு சபை. கேட்டால் நம்பமாட்டீர்கள், அக்காவின் அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார்கள்! மேடைக்கு மேடை அது காணிக்கைத் தட்டு போலக் கை மாறியதாம்.

இதெல்லாம் நடந்த பிறகுதான், நான் அந்தப் பெரியவரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெள்ளிக்கிழமை. அக்கா விட்டுப்போன வீட்டுச் சாவியைக் கொடுக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெரியவர் சளியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனதும், அவர் எழுந்த இடத்தில் தம்பியின் மனைவி வந்து உட்கார்ந்தாள். இடுப்பில் குழந்தை. காலையிலேயே ஒரு டப்பாவை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்க் காத்திருந்திருக்கிறாள்.

"ஒண்ணரை மாசமா இருமுறாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. கால்ல விழுந்துதான் சளியை வாங்கிட்டு வந்தேன்" என்று மெல்லச் சொன்னாள்.

உள்ளே கண்ணாடித் துண்டு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"ஸ்தோத்திரம் ஒண்ணு."

அவள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம் ரெண்டு."

அவ்வளவுதான். மூன்று வரவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். நாற்காலி தரையில் இழுபட்டது. கதவு திறந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை இனி நான் பார்க்கவே கூடாது. ரத்தம் முழுக்க வடிந்த முகம்.

"அண்ணி?" என்றாள் அவள்.

அக்கா கையுறையைக் கழற்றிப் போட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, முதல்ல இவளை டாக்டர் பார்க்கட்டும்" என்று நடந்தார்.

அன்று சாயங்காலம் அக்காவைத் தனியே விட மனமில்லாமல் நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். குழந்தைக்கு நோய் ஒட்டவில்லை, ஆனாலும் மருந்து கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பியோ போனையே எடுக்கவில்லை. அக்கா பதினெட்டு தடவை அடித்துப் பார்த்தார். அப்போதுதான் போதகர் வந்தார். உயரமான மனிதர், மைக் வேண்டாத குரல். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு நோட்டீஸை நீட்டினார். அடுத்த வாரம் பெரிய சாட்சிக் கூட்டம். தம்பியின் படத்துக்குக் கீழே 'பரிசோதனைக் கூட அதிகாரியே நேரில் சாட்சி சொல்கிறார்' என்று அச்சாகியிருந்தது. அக்காவை ஒரு வார்த்தை கேட்காமலே அடித்திருக்கிறார்கள்!

அக்கா அதை மடித்து மேஜைமேல் வைத்தார். "வர்றேன் பாஸ்டர். ஆனா இன்னிக்கிக் காலையில பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

"இன்னிக்கி என்ன பார்த்தீங்க?"

"அதை என் தம்பி வாயால கேளுங்க."

போதகருக்குப் புரிந்துவிட்டது. பெருமூச்சு விட்டு, "அவனுக்கு விசுவாசம் குறைஞ்சிருக்கு சிஸ்டர்" என்றார்.

அக்கா எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "விசுவாசம் குறையல பாஸ்டர்! மாத்திரைதான் குறைஞ்சது. அவன் விசுவாசத்தை நீங்க எடை போடாதீங்க. கைக்குழந்தை இருக்கிற வீட்டுல, உங்க வார்த்தையை நம்பி நெஞ்சைத் திறந்து போட்டுட்டு உக்காந்திருக்கான். இன்னும் எவ்வளவு விசுவாசம் வேணும்?"

"உலகப் படிப்பு பேசுது. ஒண்ணைச் சொல்லுங்க. நீங்க நம்புறது லென்ஸையா, கர்த்தரையா?"

"ஒவ்வொரு வட்டத்துக்கும் அவரைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டுத்தான் பார்க்கிறேன். அவரு கூட நின்னு பார்த்ததை நான் எப்படி இல்லேன்னு சொல்ல?"

போதகர் பதில் சொல்ல வாய் திறந்தார். இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்தார். நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்த இருமல், முதுகைக் குனிய வைத்துவிட்டது.

அக்காவின் கோபம் அப்படியே நின்றது. தலையைச் சாய்த்து அந்த இருமலைக் கேட்டார். போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு வந்தார்.

"எத்தனை நாளா பாஸ்டர்?"

"பிரசங்கம் பண்றதுல தொண்டை கட்டியிருக்கு."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும்."

"சாயங்காலமானா உடம்பு காயுதா?"

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த வேன் என் கண்முன் வந்து நின்றது. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பக்கத்துப் பக்கத்தில் தம்பியும் இவரும். பதினொரு சபை! போதகரின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்திருந்தது.

அக்கா கைப்பையிலிருந்து மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "காலையில எழுந்ததும் வர்ற முதல் சளி. எச்சில் வேண்டாம். இது வேற இருமலா இருந்தா நானே முதல் ஆளா சந்தோஷப்படுவேன்."

"நானா... ஆஸ்பத்திரியில வந்து... ஜனங்க பார்த்தா?"

"நம்பர்தான் எழுதுவேன். பேரு என்னைத் தாண்டாது."

அவர் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மைக் வேண்டாத அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "தம்பி பொழச்சுக்குவானா சிஸ்டர்?"

"என் பேச்சைக் கேட்க மாட்டான். நீங்க சொன்னா கேட்பான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

போதகர் போனை எடுத்தார். பதினெட்டு தடவை எடுக்காதவன் முதல் மணியிலேயே எடுத்தான். "தம்பி... நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடு. மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கணும். ஆமாப்பா, நான்தான் பேசுறேன். நான் சொன்னது தப்பு. இல்ல, நீ தனியா வர வேண்டாம். நானும் வர்றேன். எனக்கும் பார்க்கணும்."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் வாய்விட்டே அழுதுவிட்டேன்.

போதகர் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பது அவர் வழக்கம். வாசலில் நின்று, பழக்கத்தில் கை உயர்ந்தது. பாதியில் திடுக்கிட்டு நிறுத்தினார். அந்தக் கையை, ஏதோ செய்யக் கூடாததைச் செய்யப் போனவர் போல, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கையால ஒட்டாது பாஸ்டர்" என்றார் அக்கா.

அந்தக் கையை முன்னால் இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். போதகரின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. விரல்கள் மட்டும் நரைத்த முடியின்மேல் கிடந்தன. பிறகு அவர் படியிறங்கிப் போனார். அக்கா கதவைச் சாத்தினார்.