ஏற்றத்தில் வைத்த ஸ்டேஷன்

எந்தப் புண்ணியவான் இடம் பார்த்தானோ, அந்த ஸ்டேஷனை ஏற்றத்தில் கொண்டுபோய் வைத்தான். நின்ற வண்டி கிளம்புவதற்குள் எஞ்சின் சக்கரம் வழுக்கி வழுக்கிச் சுற்றும். தண்டவாளத்தில் மணல் தூவி அதை மேலே ஏற்றிவிடுவதே, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனுக்குப் பிழைப்பாகப் போயிற்று. ஸ்டேஷன் திறந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் மூடிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு.

மூடினால் பாயிண்ட்ஸ்மேன் மனைவியின் கதி? சிறுநீரகம் கெட்டுப்போனவள். டவுன் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போக இந்த வண்டியை விட்டால் வேறு நாதியில்லை.

அன்று எஞ்சினில் அதிகாரியே ஏறி வருகிறார். வண்டி ஒழுங்காகக் கிளம்பினால் ஸ்டேஷன் பிழைக்கும். பாயிண்ட்ஸ்மேன் இரும்புச் சட்டியில் மணலை ஈரம் போக வறுத்துத் தயாராக வைத்தார். டிரைவரிடம் முந்தின நாளே, "அண்ணே, நாளைக்கு மானத்தைக் காப்பாத்துங்க" என்று கெஞ்சியும் வைத்தார். பாவி மனுஷன், பயணிகளிடம் சொல்லத்தான் மறந்து தொலைத்தார்.

வண்டி வந்து நின்றது. தூறல் வேறு. கிளம்பும்போது சக்கரம் ஒரு சுற்று வழுக்க, அவர் இன்னொரு பிடி மணலை அள்ளி வீசினார். அடுத்த நொடி மணலைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் நகர்ந்தது. அப்பாடா!

எங்கே அப்பாடா? முதல் குலுக்கலிலேயே ஜனம் மொத்தமும் கீழே இறங்கிவிட்டிருந்தது. பாரம் குறையட்டும் என்று இறங்கி நடந்து, மேலே சமதளத்தில் மறுபடி ஏறிக்கொள்வது அவர்கள் வழக்கம். முதலில் இறங்கியவள் அவர் மனைவி.

"ஐயோ, ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினார். எஞ்சின் சத்தத்தில் யார் காதில் விழும்?

சமதளத்தில் டிரைவர் பழக்கதோஷத்தில் வண்டியை நிறுத்தினார். அதிகாரி இறங்கிப் பார்த்தார். பெட்டியெல்லாம் காலி. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தவளைக் கேட்டார்.

"ஏம்மா, உடம்பு முடியாம நீங்களுமா நடக்கறீங்க?"

"நான் மட்டும் மகாராணி மாதிரி உக்காந்திருந்தா நல்லா இருக்குமா சார்? எப்பவும் எல்லாரும் இறங்கிடுவோம். நம்ம ஸ்டேஷனுக்காக இதுகூட செய்யமாட்டோமா?"

அதிகாரி பாயிண்ட்ஸ்மேனைத் தனியே அழைத்தார்.

"மன்னிச்சுக்கங்க. ஆளுங்களை இறக்கிவிட்டுத்தான் வண்டி ஏறும்னா, அது இங்க நிக்கவே கூடாது. இந்த மாசத்தோட சரி."

அவர் திரும்பி வந்து மனைவியைக் கைத்தாங்கலாகப் பெட்டியில் ஏற்றினார். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, பெரியவர்கிட்ட நல்லா எடுத்துச் சொன்னேன்ல?"

"நல்லா சொன்னே" என்றார்.