எலாதியோவுக்கும் ஒரு பஸ் டிக்கெட்

பால்பீனா துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தவே மாட்டேன் என்றுவிட்டாள். கணவன் எலாதியோ போன படகைக் கடல் விழுங்கிய பிறகும், மத்தி மீன் டப்பா ஆலைக்குப் வருஷக்கணக்காகப் பச்சை ஸ்வெட்டரில்தான் போய்வந்தாள்; ராத்திரியில் வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடாமலே படுத்தாள். உடல் கிடைக்கவில்லையே! கல்லறைச் சுவரில் அவனுக்கென்று ஒதுக்கிய மாடத்தில் அவனுடைய கல்யாணக் கோட்டை வைத்துத்தான் மூடினார்கள். கோட்டுக்கு எதற்கு அழ வேண்டும் என்பது அவள் கட்சி.

நாத்தனார் தொரிந்தா விடவில்லை. "அண்ணி, உயிரோட இருந்தப்ப அண்ணன் தெய்ஷிதோ அந்திரேயா சாமி கோயிலுக்குப் போகவே இல்ல. உயிரோட போகாதவங்க செத்தப்புறமாவது போயாகணும்ல? நாம கூட்டிட்டுப் போகலேன்னா பல்லியாவோ தேரையாவோ ஊர்ந்துதான் போவாரு."

"செத்தவங்களத்தானே கூட்டிட்டுப் போவாங்க? அவரு செத்தத யாரு பார்த்தா?"

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன். வரலேன்னா இனிமே நான் வாயத் திறக்கல."

அதற்காகவே பால்பீனா ஒப்புக்கொண்டாள். யாரும் வரப்போவதில்லை, இவள் வாயையும் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். முதல்நாள் மாலை, செத்தவர்களை அழைக்கும் வழக்கப்படி மாடத்துக் கல்லைத் தட்டினாள். "எலாதியோ, காலையில பஸ். அந்திரேயா சாமியப் பார்க்கப் போறோம், கிளம்பி வாய்யா." உள்ளே வெறும் கோட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

காலையில் அவனுக்கும் டிக்கெட் கேட்டாள். டிரைவர் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோர இருக்கையை அவனுக்கு விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். மலை வளைவில் பஸ் குலுங்கியபோது அந்த இருக்கையில் கை ஊன்றினாள். மெத்தை சொதசொதவென்று இருந்தது. மழை இல்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

அவள் இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

பின்னாலிருந்து தொரிந்தா எட்டி, "அண்ணி, இந்தக் கூடைய அங்க வெச்சுக்கட்டுமா?" என்றாள்.

"வைக்காத. உங்கண்ணன் நனைஞ்சு வந்திருக்காரு."

அத்தனை பேசிய தொரிந்தா சிலுவை போட்டுவிட்டுக் கூடையைத் தன் மடியிலேயே இடுக்கிக்கொண்டாள்.

கோயிலுக்குள் பால்பீனா நடக்க நடக்க, பக்கத்திலேயே ஈரத் தடம் வந்தது. கூட்டம் அதை மிதிக்காமல் விலகி வழிவிட்டது. பீடத்தின் முன் அவள் நின்றதும் தண்ணீர் அங்கேயே தேங்கியது. அதன் குளிர் அவள் காலில் ஏறியது.

"இங்கேயே இருக்கச் சொல்லிடுங்க அண்ணி. சொல்லலேன்னா நம்ம கூடவே திரும்பி வந்துடுவாரு" என்று தொரிந்தா கிசுகிசுத்தாள்.

வரட்டுமே என்று பால்பீனாவின் மனசு அடித்துக்கொண்டது. வாய்விட்டு அழுதாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஈரத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"இங்கேயே இருய்யா. இன்னிக்கு ராத்திரி நான் வாசக்கதவத் தாழ்ப்பா போட்டுட்டுத்தான் படுப்பேன்."