மூன்று கூடைகள்

தெருவில் எல்லோரும் என்னை மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் கடை உரிமத்தோடு சரி. இருபது வருடமாகச் சலவைக் கடையில் கறை எடுக்கிறேன். துணியை மூக்கருகே கொண்டுபோனால் போதும், இது பால், இது முட்டை, இது மெஷின் எண்ணெய் என்று சொல்லிவிடுவேன். பார்ப்பவர்கள் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

கடையில் இரண்டே அறைகள். முன்னால் கவுண்டரும் துணி தொங்கும் கம்பியும். பின்னால் தொட்டிகள், கறை நீக்கும் மருந்துப் புட்டிகள், சுவரோரம் அக்காவின் இஸ்திரி மேசை. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து அவளுடைய வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

எதனால் வந்தது என்று தெரியாமல் ஒரு கறையில் கை வைக்கக் கூடாது. ரத்தம், பால், முட்டை என்றால் பச்சைத் தண்ணீர்தான். சூடு பட்டால் நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. டீ, பழச்சாறு என்றால் வெந்நீர். எண்ணெய்க்கு மருந்து. காரணம் தெரியாமல் தேய்ப்பவன் துணியைத்தான் கிழிப்பான். கடைக்கு வருகிறவர்களை நிறுத்திவைத்து இதைப் பிரசங்கமே செய்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டது. போகும்போது என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, மருந்து, அடிப்பிடித்த பால், எல்லாம் எனக்கு ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. மூக்கண்ணனுக்கு வாசனை தெரியாது என்றால் தெரு சிரிக்காதா? அதனால் துணி வாங்கும்போதே, "இது எப்படி வந்துச்சு? உண்மையைச் சொல்லணும்" என்று விசாரிக்க ஆரம்பித்தேன். சொன்னதைச் சீட்டில் எழுதித் துணியில் குத்திவிடுவேன். "அண்ணன் எவ்வளவு கவனமா கேக்கறாரு பாரு" என்று அதற்கும் பாராட்டினார்கள். நானும் கூச்சமில்லாமல் தலையாட்டினேன்.

அதோடு கோபமும் வந்து சேர்ந்தது. பதில் சொல்ல யாராவது தயங்கினால் சுர்ரென்று ஏறிவிடும். "தெரியலேன்னா எதுக்குத் துணி உடுத்தறீங்க?" என்று ஒரு பெரியவரைக் கேட்டிருக்கிறேன். சாயங்காலம் நினைத்தால் உடம்பெல்லாம் கூசும். இனிமேல் கோபப்படுவதில்லை என்று சபதம் எடுப்பேன். காப்பியை விட்டேன். காலையில் நடந்தேன். பத்து வரை எண்ணிப் பார்த்தேன். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. பத்து எண்ணிவிட்டுப் பதினொன்றாவதாகக் கத்தினேன். இந்தக் கோபம் எப்படி வந்தது என்று மட்டும் என்னை நானே கேட்டதில்லை. கறைக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்.

போன மாதம் ஒரு டீச்சர் க்ரீம் நிறப் பேன்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். புதுப் பள்ளியில் சேரும் நாளுக்காக எடுத்ததாம். பின்பக்கம் பழுப்பாக ஒரு கறை.

"எப்படி வந்துச்சு?"

"டீங்க," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

அன்று அக்கா பல் டாக்டரிடம் போயிருந்தாள். நானே வாங்கி, நானே வெந்நீரில் போட்டேன். கறை போகாமல் இறுகித் துருப்போல உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் ரத்தம் என்று புரிந்தது. ஓர் ஆம்பளையிடம் அதை எப்படிச் சொல்வார், பாவம்.

அவர் வாங்க வந்த நேரத்தில் கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். பேன்ட்டை விரித்தவர் முகம் வாடிப்போனது. "நீங்க மோந்து பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு சொன்னாங்களே," என்றார்.

நான் உள்ளே திரும்பிக் கத்தினேன். "கறை போறதுக்குள்ள பெட்டியை வெச்சுத் தேச்சுத் தொலைச்சிருக்கா! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

அக்கா அந்தப் பேன்ட்டைத் தொட்டதுகூட இல்லை. பெட்டியை அணைத்தாள். ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து மேசைமேல் வைத்தாள். அத்தனை பேர் நடுவே தலை நிமிராமல் நடந்து வெளியே போனாள்.

மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளில் ஐந்து துணிகளைக் கெடுத்தேன். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அக்காவின் மேசைக்கடியில் இருந்த காலிக் கூடைகள் கண்ணில் பட்டன. நீலம், பச்சை, சிவப்பு. வந்த துணிகளை அவள்தான் அவற்றில் பிரித்துப் போடுவாள். நீலம் சூடில்லாத தண்ணீருக்கு, பச்சை வெந்நீருக்கு, சிவப்பு மருந்துக்கு. சீட்டில் டீ என்று எழுதிய துணி சில நாள் நீலக் கூடையில் கிடக்கும். கூடையைப் பார்த்துத்தான் செய்வேன், சரியாக வரும். ஏன் அங்கே கிடக்கிறது என்று இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவளைக் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருக்கிறது.

நாலாம் நாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்புதான்க்கா. இனிமே கோபப்பட மாட்டேன்."

"இதையேதான் போன மாசமும் சொன்னே. அது எப்படி வந்துச்சுன்னு சொல்லு."

"எது?"

"உன் கோபம். கடைக்கு வர்றவங்களையெல்லாம் கேப்பியே, அதே மாதிரி கேக்கறேன்."

"துணி கெட்டுப்போச்சு. அந்த எரிச்சல்."

"ஏன் கெட்டுச்சு?"

"வெந்நீர்ல போட்டுட்டேன்."

"ஏன் போட்டே?"

"டீச்சர் டீன்னாங்க."

"நீ மோந்து பாக்கலையாடா?"

உடனே ஏறியது. கத்த வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயோடு அப்படியே நின்றேன். டீச்சர் கேட்டதும் இதைத்தான். இந்த இரண்டு வருடமும், யாராவது இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வந்தபோதெல்லாம் கத்தி விரட்டியிருக்கிறேன்.

"எனக்கு வாசனை தெரியாதுக்கா."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும். மருந்துப் புட்டி மூடி திறந்து கிடக்குது, எனக்குத் தலை சுத்துது, நீ பாட்டுக்கு அது பக்கத்துல உக்காந்து சீட்டு எழுதறே. காய்ச்சல் விட்ட வாரமே தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"உனக்கு அவமானமா இருக்குமேன்னுதான்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எனக்கு அவமானம் வரக்கூடாது என்று ஒவ்வொரு துணியையும் எனக்கு முன்னால் முகர்ந்து வைத்தவளை, நாலு பேர் நடுவில் நிற்கவைத்து அவமானப்படுத்தியிருக்கிறேன்.

"கடைக்கு வாக்கா."

"வர்றேன். ஆனா இங்க சொன்னதை அங்க சொல்லணும். கத்தின அதே எடத்துல நின்னு."

டீச்சருக்கு போன் செய்து வரச் சொன்னேன். பழைய பேன்ட்டில்தான் புதுப் பள்ளிக்குப் போனாராம். கவுண்டரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அக்கா என் பக்கத்தில் நின்றாள், ஏப்ரன் போடாமல்.

"டீச்சர், உங்க துணியைக் கெடுத்தது நான்தான். இவங்க அதைத் தொடவே இல்லை. எனக்கு வாசனை தெரியாமப் போயி ரெண்டு வருஷமாச்சு. இத்தனை நாளும் கறை பார்த்துப் பிரிச்சு வெச்சது இவங்க. என்னை மன்னிச்சிடுங்க. நீயும்தான்க்கா."

வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். எதற்காக இரண்டு வருடம் பயந்தேனோ அதே சிரிப்பு. காது மடல் எரிந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெட்கம் மட்டும் வந்து, போகாமல் நின்றது.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் அன்னைக்கு…"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா," என்று அக்கா அவரைத் தடுத்தாள். "அடுத்த தடவை நேரா எங்கிட்ட குடுத்துடுங்க."

அப்புறம் உள்ளே போய் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மூன்று கூடைகளையும் மேசைக்கடியிலிருந்து இழுத்து வந்து கவுண்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். சிரித்தவர் தன் சட்டையை என் முன்னால் போட்டார். நான் எதுவும் கேட்காமல் அதை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். எல்லோரும் பார்க்க அவள் அதை முகர்ந்து பார்த்தாள். நீலக் கூடையில் போட்டாள்.