பரங்கிப் பூவும் மாடி வீட்டுத் தமிழும்

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாற்றில் ஒரு வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருந்தோம். எனக்குத் திருமணமாகி ஆறு மாதம். கணவருக்குத் தி. நகரில் அவர் மாமாவின் ஜவுளிக்கடையில் வேலை. காலையில் போனால் இரவு பத்து மணிக்குத்தான் வருவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. கொல்லையில் ஒரு பரங்கிக்கொடி போட்டு, அதோடுதான் பொழுது போயிற்று.

ஒரு நாள் காலை பார்க்கிறேன், கொடியில் பூவே இல்லை. மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த வங்காளிப் பெண் கிண்ணம் நிறையப் பூவோடு படியேறிக்கொண்டிருந்தாள்.

"பூவை எல்லாம் பறிச்சுட்டா காய் எங்கேயிருந்து வரும்? கேக்காம கை வைக்கலாமா?" என்று கத்திவிட்டேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கோபம் எந்த மொழியிலும் புரியும். கிண்ணத்தைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போது கீரைக்காரம்மா கூடையோடு வந்தாள். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து தினமும் வருகிறவள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, நேரே போய்க் கொடியைப் புரட்டிப் பார்த்தாள்.

"பிஞ்சு வெச்ச பூ அப்டியே கீதும்மா. அது பறிச்சதெல்லாம் காய்க்காத ஆம்பளப் பூ. அதுலயும் ரெண்ட வுட்டு வெச்சிக்கீது. தெரிஞ்ச கைதான். நீ இன்னாத்துக்குக் கூவுற?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அழுத கண்ணோடு கதவைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை ஸ்டவ் பக்கத்தில் உட்காரவைத்து, கடலைமாவில் கசகசா கலந்து, பூவை முக்கிப் பொரித்துக் கொடுத்தாள். பூவைத் தின்பார்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். நான்கு தின்றேன். கீழே கீரைக்காரம்மாவுக்கு இரண்டு கொண்டுபோனேன்.

பிறகு கொல்லை மூவருக்கும் பொதுவாயிற்று. மயிலாப்பூரில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் ஆசையாக வளர்த்த புல்லைக் கொத்தினோம். கீரைக்காரம்மா முளைக்கீரை விதை கொண்டுவந்தாள். மாடிக்காரி கடுகு விதைத்து, அதன் இலையைக் கீரையாகச் சமைத்தாள். நான் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதி வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவள் அதில் சர்க்கரை போட்டாள். "கொளம்புல சக்கர போட்டா பாயசமா அது?" என்று கீரைக்காரம்மா சிரித்தாள். தினமும் ஒரு மணி நேரம் களை எடுத்துக்கொண்டே அவள் பேச, மாடிக்காரி அப்படியே திருப்பிச் சொல்லித் தமிழ் கற்றாள்.

நாலைந்து மாதம் கழித்து வீட்டுக்கார மாமி மயிலாப்பூரிலிருந்து வந்தார். புல்தரை இருந்த இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, இப்படிக் கொத்திப் போட்டிருக்கேளே. யாரைக் கேட்டேள்?"

களை எடுத்துக்கொண்டிருந்த நானும் கீரைக்காரம்மாவும் எழுந்தோம். மாடிக்காரி பஜ்ஜித் தட்டோடு இறங்கி வந்தாள். கற்ற தமிழை ஒரு பெரியவரிடம் பேசிக்காட்டும் சந்தோஷம் முகத்தில்.

"இன்னா மாமி, நின்னுகினே கீற? குந்து. பஜ்ஜி சூடா கீது, துன்னு."

கீரைக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வீடு காலி செய்வதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா உனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தா?"

அவள் பெருமையாகக் கீரைக்காரம்மாவைக் காட்டினாள். "டீச்சரு."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். "இதுல வெங்காயம் கிடையாதே?" என்று கேட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். அப்புறம் இன்னொன்று.

அடுத்த முறை அவர் வந்தபோது கையில் மணத்தக்காளி நாற்று இருந்தது. மாடிக்காரியின் தமிழைத் திருத்தாமல் விடுவதில்லை என்றும் தீர்மானித்திருந்தார். திருத்தினார், ஆனால் பழைய பாடமும் அவளை விட்டுப் போகவில்லை. இரண்டு வருஷத்தில் அவள் கணவருக்கு மாற்றலாகிக் கல்கத்தாவுக்குப் போகும்வரை, காலையில் மாடிப்படியிலிருந்து என்னைப் பார்த்து அவள் கேட்டது இதுதான்:

"உங்காத்துல இன்னிக்கு இன்னா சமையல்க்கா?"