ஒரு ஆட்டம்கூட வெளியே உட்காராதவன்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் வெர்னன் போஸ்பிஷில் முப்பத்தொரு வருடம் மரவேலை வகுப்பு எடுத்தார். வகுப்பு முடிந்ததும், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால் அணியின் முன்வரிசையைப் பழக்கினார். கூட்டம் எப்போதும் பந்தை எறிகிறவனைத்தான் பார்க்கும். அவன்மேல் எவனும் வந்து விழாமல் மறித்து நிற்கிற ஐந்து தடியர்களை வெர்னன் ஒருவர்தான் பார்ப்பார். அந்த அணியின் பேருந்தை ஓட்டியவன் நான். அதனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் பழக்கியவர்களில் ஒருவன்தான் டால்டன் கோவார். எங்கள் ஊரிலிருந்து தொழில்முறை அணிக்குப் போன முதல் ஆள். ஏரிக்கரை நகரத்து அணி அவனை எடுத்தபோது, நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த மூலையில் அந்த அணியின் தொப்பி இல்லாத தலையே இல்லை.

ஆனால் ஆட்டப் பருவம் தொடங்கி நாலு வாரத்தில் முணுமுணுப்பு வந்துவிட்டது. டால்டனுக்கு இடப்பக்கமாக வருகிறவர்கள் சுலபமாக உள்ளே நுழைந்து பந்தெறிபவனைச் சாய்த்தார்கள். அந்த நகரத்து ரசிகர்கள் வானொலியில் அவனைக் கிழித்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு செய்தியாளர் வெர்னனுக்குப் போன் போட்டு, பழைய பயிற்சியாளரின் கருத்தைக் கேட்டார். வெர்னன் சொன்னது அப்படியே அச்சில் வந்தது: "அவன மாதிரி ஒருத்தன நான் பழக்குனதே இல்ல. நாலு வருஷத்துல ஒரு ஆட்டம்கூட வெளிய உக்காந்ததில்ல."

மறுநாள் காலை காபிக் கடையில் அதுதான் பேச்சு. டிராக்டர் விற்கும் ராய்ஸ் பத்திரிகையை மேசையில் அடித்தார்.

"யோவ் வெர்ன், அங்க உன்னையும் சேத்துக் கலாய்க்கிறானுங்கய்யா. சொந்த ஊர்க் கோச் பின்ன திட்டவா செய்வான்னு கேக்குறானுங்க."

"கேக்கட்டும்."

"அவனுக்குப் பலம் இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா இடப்பக்கம் ஆள் வர்றதே அவனுக்குத் தெரியல. கண்ணு முன்னால வந்து நிக்கிற வரைக்கும் மரம் மாதிரி நிக்கிறான். அது என்ன திறமை?"

"ஒரு ஆட்டம்கூட உக்காரலையே, அந்தத் தைரியம் யாருக்கு வரும்?" என்று நான்தான் குறுக்கே பேசினேன்.

அப்போது டால்டனின் அம்மா மார்லிஸ் கையில் காபியோடு எங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நாங்கள் கவனிக்கவில்லை.

"ஏன் உக்காரலன்னும் சொல்லுங்க கோச்," என்றாள். "பேப்பர்ல அத விட்டுட்டீங்களே."

வெர்னனின் முகம் சுண்டிப்போனது. அவள் காபியோடு வெளியே போய்விட்டாள்.

அவள் எதைச் சொன்னாள் என்று ராய்ஸுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டால்டனின் கடைசி வருடம், அரையிறுதி ஆட்டம். மூன்றாம் பகுதியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அவன் தலைக்கவசத்தில் மோதினார்கள். எழுந்தவன் எதிரணி நிற்கும் பக்கமாக நடந்து போனான். வெர்னன் அவனை இழுத்து வந்து, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இரண்டு விரல் காட்டினார். அவன் மூன்று என்றான். "சரியாப்போச்சு, போ," என்று முதுகில் தட்டி அனுப்பினார். ஜெயித்தோம். திரும்பி வரும்போது பேருந்தில் என் பின்னால் உட்கார்ந்திருந்த டால்டன், "நாம ஜெயிச்சோமா?" என்று கேட்டான். ஜெயித்தோம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே கேட்டான். நான் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து வெர்னன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ராய்ஸ் சொன்னது சரிதான். அவனுக்கு இடப்பக்கம் தெரியல. நான் பழக்குனப்ப நல்லாத் தெரிஞ்சுது. என்கூட வர்றியா? தனியாப் போக எனக்குத் தெம்பில்ல."

டால்டன் இருந்த நகரத்துக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டினேன். டால்டன் கதவைத் திறந்ததும் எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டான். உறைந்த பீட்சாவைச் சூடாக்கிப் போட்டான். வெர்னன் தொடவில்லை.

"இடது பக்கம் எப்போருந்துடா இப்படி?"

அவன் சிரிப்பு நின்றது. "பழகிக்கிட்டேன் கோச். தலைய லேசாத் திருப்பி வெச்சுக்குவேன். காலேஜ்லயே யாரும் கண்டுபிடிக்கல."

"டாக்டர்கிட்ட சொல்லு."

"சொன்னா அன்னைக்கே மூட்டைய கட்ட வேண்டியதுதான். இதுக்காகத்தான நீங்க என்னப் பழக்குனீங்க?" பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்: "பேப்பர்ல சொன்னீங்களே, என்ன மாதிரி ஒருத்தன் இல்லன்னு. அது நெஜமா, இல்ல அந்த அரையிறுதியில என்ன ஆட அனுப்புனதுக்காகச் சொன்னதா?"

வெர்னன் தட்டைத் தள்ளி வைத்தார். "ரெண்டும் சேந்துதான்டா வந்துச்சு. பிரிச்சுச் சொல்ல எனக்கு வரல."

கிளம்பும்போது, "ஒரு வாரம் பாப்பேன். நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்," என்றார். டால்டன் வாசல் வரை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி ஆடினான். வெர்னன் வீட்டில் நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். இடப்பக்கத்திலிருந்து வந்தவன் இந்த முறை டால்டனையே இடித்துத் தள்ளினான். அவன் ஒரு முழங்காலில் உட்கார்ந்து தரையைத் தடவினான். வெர்னன் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். ஒரு வாரம் முடியும்வரை காத்திராமல், திங்கள் காலையே அணியின் மருத்துவருக்குப் போன் செய்து, விரலை எண்ணச் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

சோதித்துப் பார்த்தார்கள். இனி ஆடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வானொலியில் ரசிகர்கள் அதையும் நம்பவில்லை. திறமை இல்லாதவனுக்கு மருத்துவர் சீட்டு நல்ல சாக்கு என்றார்கள். எங்கள் ஊரிலோ பழி முழுக்க வெர்னன் மேல் விழுந்தது. "ஏத்தி விட்டதும் நீ, எறக்கி விட்டதும் நீ," என்று ராய்ஸ் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். வெர்னன் மறுக்கவில்லை. காபிக் கடைக்கு வருவதையும் நிறுத்தவில்லை. தனி மேசையில் உட்கார்ந்தார். சில நாள் நான் அங்கே போய் உட்கார்வேன். சில நாள் எனக்கும் துணிவு இருக்காது.

ஒருமுறை மார்லிஸ் அந்த மேசைக்கு வந்தாள். "டாக்டருக்குப் பண்ணுன போனை நாலு வருஷம் முன்னாலயே பண்ணியிருக்கணும் கோச்," என்றாள். அதில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

"ஆமாம்மா," என்றார் அவர்.

மார்ச் மாதம் டால்டன் ஊர் திரும்பினான். அப்பாவின் நிலத்தில் வேலை செய்கிறான். தலைவலி வந்தால் இரண்டு நாள் வெளியே வருவதில்லை. இந்த அறுவடையின்போது கூட்டுறவுத் தானியக் கிடங்கில் அவன் லாரியிலிருந்து மக்காச்சோளம் இறங்கிக்கொண்டிருந்தது. வெர்னனின் வண்டி பின்னால் நின்றது. டால்டன் இறங்கி, தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"என் வண்டி உங்க வழிய மறிக்குதா கோச்?"

"இல்லடா. நீ மெதுவா எடு."

அவன் ஊர் திரும்பிய எட்டு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். வெர்னன் ஜன்னலை ஏற்றிவிட்டு, லாரி போன பிறகும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்றவர்கள் ஒலியெழுப்ப ஆரம்பித்தார்கள்.